கூடுதலாகக் கட்டிய வீட்டுத் தீர்வை

வீட்டுத் தீர்வை கட்டத் தவறியவரைத் தேடி நகராட்சியிலிருந்து ஆள் வருவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். பில் கலெக்டர் இரண்டு முறை வந்து போவார். மூன்றாம் முறை நிலுவை நோட்டீஸ் வரும். குடிநீர் இணைப்பைத் துண்டிக்க நேரிடும் என்ற எச்சரிக்கையும் அதன் அடியில் இருக்கும். ஆனால் தீர்வையைக் கூடுதலாகக் கட்டிவிட்ட ஒருவரைத் தேடிக்கொண்டு, "ஐயா, உங்கள் பணம் எங்களிடம் இருக்கிறது, பெற்றுக்கொள்ளுங்கள்" என்று எவரும் படியேறி வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கூடுதலாகக் கட்டியவர்தாம் தேடிப்போக வேண்டும். அதுவும் ரசீதோடு போக வேண்டும்.

நாமும் அவ்வாறு ஒரு முறை தேடிப்போனோம். நமக்காக அல்ல, நம் அத்தைக்காக.

அத்தை தொடக்கப் பள்ளி ஆசிரியையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் பங்குப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. மாமா இறந்தபின் சொந்த வீட்டில் தனியே இருந்து வந்தார். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபோது, மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்து, 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்த வீட்டை விற்றுவிட்டார். விற்று முடிந்து ஒரு மாதம் கழித்து, பழைய தீர்வை ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு, நகராட்சியிலிருந்து தமக்கு வர வேண்டிய பணம் ஒன்று இருக்கிறதென்பது நினைவுக்கு வந்தது. தொகை ரூ.1,240.

அந்தப் பணம் எப்படி வந்தது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். ஏனெனில் இது அத்தைக்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழகத்து நகரங்களில் வீடு வைத்திருந்த பலருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளில் இது நேர்ந்தது.

ஐந்தாண்டுக்கு ஒரு முறை சொத்து வரியைச் சீராய்வு செய்வது என்பது அன்று ஏட்டில் இருந்த முறை. நடைமுறையிலோ, சென்னை மாநகராட்சியில் 1998-க்குப் பிறகும், மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகளில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடைபெறாமலே இருந்தது. 2018-இல் உயர்நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. அவ்வாண்டு ஜூலையில் அரசின் ஆணை வெளிவந்தது: உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம் வரையிலும், வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் 100 சதவீதம் வரையிலும் உயர்வு என்று. எதிர்ப்பு எழவே, சில நாட்களுக்குள் வாடகை வீடுகளுக்கும் 50 சதவீதமே என்று திருத்தம் வந்தது. இந்தத் திருத்தத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

உயர்வு 2018 ஏப்ரலில் தொடங்கிய அரையாண்டிலிருந்தே கணக்கிடப்பட்டது. மக்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். பின்னர் 2019 நவம்பரில் அரசு அந்த உயர்வை நிறுத்தி வைத்தது. மறுபரிசீலனை செய்யக் குழு ஒன்று அமைக்கப்படுமென்றும், அதுவரை 2018 ஏப்ரலுக்கு முன்பிருந்த வரியைக் கட்டினால் போதுமென்றும், இதற்குள் கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அத்தொகை வரும் அரையாண்டுகளில் ஈடு செய்யப்படுமென்றும் அறிவிப்பு வந்தது.

"ஈடு செய்யப்படும்" என்ற சொல்லை அன்று நாம் எவரும் ஊன்றிப் பார்க்கவில்லை. "திருப்பித் தரப்படும்" என்று அறிவிப்பில் இல்லை.

அத்தையின் பழைய தீர்வை அரையாண்டுக்கு ரூ.620. உயர்ந்த தீர்வை ரூ.930. கூடுதல் ரூ.310. அத்தை எதையும் நாள் தள்ளிச் செய்து அறியாதவர். 2019 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டின் தீர்வையையும் அக்டோபர் முதல் வாரத்திலேயே கட்டிவிட்டார். ஆக நான்கு அரையாண்டுகள், கூடுதல் ரூ.1,240. பழைய விகிதத்தில் அது சரியாக ஓர் ஆண்டின் தீர்வை. நம்மைப் போல மூன்று நோட்டீஸ் வந்தபின் கட்டுகிறவராக இருந்திருந்தால் அவருடைய இழப்பு குறைவாக இருந்திருக்கும் என்பது வேடிக்கைதான்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, மனுவும் ரசீது நகல்களுமாக நகராட்சி அலுவலகத்துக்குச் சென்றோம். வருவாய்ப் பிரிவின் முன்னிருந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சக்கேயுவின் கதையை எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அத்தை, முழங்காலைத் தடவிக்கொண்டே, "அவன் நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தான். நான் ஒரு மடங்குதானய்யா கேக்கேன்" என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர், அவர் எந்தச் சபையினரோ தெரியாது, வாய்விட்டுச் சிரித்தார்.

அங்கே இருந்த கணக்கரைக் குறைகூற நமக்கு மனமில்லை. நிதானமாகக் கேட்டார், கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்தார், திரையை நம் பக்கம் திருப்பியும் காட்டினார். பணம் இருந்தது. ரூ.1,240 முன்வரவாகப் பதிவாகியிருந்தது. ஆனால் அது அந்த வீட்டின் வரிவிதிப்பு எண்ணில் இருந்தது. அந்த எண்ணுக்கு எதிரே அத்தையின் பெயர் இல்லை. வீட்டை வாங்கியவர் பத்திரம் பதிவான மறு வாரமே பெயர் மாற்றத்தையும் முடித்துவிட்டிருந்தார். "ஆர்டரில் அட்ஜஸ்ட் செய்யத்தான் சொல்லியிருக்கிறது, அம்மா. பணமாகக் கொடுக்க எங்களுக்கு வழியில்லை. அடுத்த இரண்டு அரையாண்டும் அந்த வீட்டுக்குக் கேட்பு வராது. வாங்கினவரிடம் பேசிப் பாருங்கள்" என்றார்.

அத்தை கட்டிய பணம் அந்த வீட்டுக்கு இன்னும் ஓர் ஆண்டு தீர்வை செலுத்தப் போகிறது. ஆனால் அந்த வீடு அத்தையுடையதன்று.

மாலையில் வாங்கியவரின் வீட்டுக்கும், அதாவது அத்தையின் பழைய வீட்டுக்கும், சென்றோம். உட்காரச் சொன்னார்; காப்பி கொடுத்தார். செய்தியைச் சொன்னதும், "உள்ளது உள்ளபடி வாங்கியிருக்கிறேன். பத்திரத்தில் அப்படி ஒன்றும் எழுதவில்லையே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பத்திரத்தில், அன்று வரையிலான தீர்வை பாக்கிகளுக்கு விற்றவரே பொறுப்பு என்று எழுதியிருந்தது. பாக்கி இருந்தால் விற்றவர் தலையில். மிச்சம் இருந்தால் அது யாருக்கு என்பதைப் பத்திரம் எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே, வீடு விற்கப்போகிற குடும்பங்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். பத்திரம் பதியும் முன் நகராட்சியில் அந்த வரிவிதிப்பு எண்ணுக்குரிய கேட்பு, வசூல், நிலுவை விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நிலுவை இல்லை என்று தெரிந்தால் மட்டும் போதாது. முன்வரவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் அத்தொகையை விலையோடு சேர்த்துக் கணக்கு முடித்துவிடலாம்; அல்லது பத்திரத்தில் ஒரு வரி எழுதலாம். இன்று அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டுகிறவர்களுக்கு 5 சதவீதம், ரூ.5,000-க்கு மேற்படாமல், ஊக்கத்தொகை உண்டு. அதற்காக முந்திக் கட்டுகிற பழக்கம் பரவியிருப்பதால், விற்கும் நாளில் வீட்டின் கணக்கில் விற்றவரின் பணம் நிற்பது முன்னைவிடச் சாதாரணமாகிவிட்டது.

சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பாகப் பிரிவினையில் பழைய எண் ஒருவருக்குப் போகும். மற்றவர்க்குப் புது எண் வரும். முன்வரவு பழைய எண்ணோடேயே தங்கிவிடும். சில வீடுகளில் இதற்கு நேர்மாறான தொல்லை நேர்வதுண்டு. பிரித்த பின்னும் பழைய எண்ணில் முழு வீட்டுக்குமான தீர்வை குறையாமல் வந்துகொண்டிருக்கும். புது எண்ணிலும் தீர்வை வரும். ஒரே சுவருக்கு இரண்டு முறை கட்டிக்கொண்டிருப்பார்கள். மூத்தவர் கட்டுவது இளையவருக்குத் தெரியாது.

தீர்வை கூடுதலாகப் போகும் வழிகள் வேறு பலவும் உண்டு. அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. கட்டியதில் நேர்ந்த பிழை ஒன்று. விதித்ததில் நேர்ந்த பிழை மற்றொன்று. முதல் வகையை நிரூபிப்பது எளிது. இணைய வழியில் கட்டும்போது வங்கிக் கணக்கில் பணம் குறைந்துவிடும், ரசீது வராது. பதறி மறுபடியும் கட்டுவோம். அல்லது சென்னையில் இருக்கும் மகன் அங்கிருந்து கட்டியிருப்பான். அது தெரியாமல் தந்தை கவுண்டரில் போய்க் கட்டிவிட்டு வருவார். அல்லது ஓர் இலக்கம் மாறி, பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணில் நம் பணம் ஏறியிருக்கும். இவற்றுக்கெல்லாம் ரசீதும் வங்கிக் கணக்குத் தாளுமே போதிய சாட்சி. பாதியில் நின்றுபோன இணையப் பரிமாற்றத்தின் பணம் பெரும்பாலும் சில நாட்களில் வங்கிக்கே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பரிமாற்ற எண்ணைக் குறிப்பிட்டு வங்கிக்கும் நகராட்சிக்கும் எழுத வேண்டும்.

இரண்டாவது வகை கடினமானது. வீட்டின் பரப்பளவு கூடுதலாக அளக்கப்பட்டிருக்கலாம். ஓட்டு வீடு, தளம் போட்ட வீடாகப் பதிவாகியிருக்கலாம். முன்னறையில் எப்போதோ வைத்திருந்த தையற்கடையை மூடி ஆண்டுகள் பல ஆகியும், வீடு இன்னும் வணிகக் கட்டடமாகவே கணக்கில் இருக்கலாம். இவற்றுக்கு மறு அளவை கேட்டு மனுச் செய்ய வேண்டும். நோட்டீஸ் வந்தவுடன் அதில் கண்ட கெடுவுக்குள் ஆட்சேபித்தால் வேலை எளிது. பத்தாண்டு பேசாமல் கட்டிவிட்டுப் பதினோராம் ஆண்டில் கேட்டால், இனிவரும் காலத்துக்குத்தான் பெரும்பாலும் பலன் கிடைக்கிறது.

பூட்டிக் கிடந்த வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைகுடா நாடுகளுக்குக் குடும்பத்தோடு போய்விட்டவர்களின் வீடுகள் நம் பங்குகளில் ஏராளம். சென்னைக்கான 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், மாவட்ட நகராட்சிகளுக்கான 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், ஓர் அரையாண்டில் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ குடியின்றி இருந்த கட்டடத்துக்கு, காலியாக இருந்த நாட்களின் அளவில், கட்டடத்துக்கான வரியில் பாதிக்கு மேற்படாமல் தள்ளுபடி செய்ய இடம் இருந்தது. ஆனால் வீடு காலியாக இருக்கிறது என்று உரிமையாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்து, "ஐந்து வருடம் பூட்டிக் கிடந்ததே" என்று கேட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இடித்த வீட்டுக்கும் அதே கதைதான். இடித்துவிட்டோம் என்ற அறிவிப்பைக் கொடுக்கும்வரை, இல்லாத வீட்டுக்கு, இருப்பதாகவே எண்ணித் தீர்வை கட்ட வேண்டும் என்பது அச்சட்டங்களின் விதி. 2023 ஏப்ரல் 13 முதல் அவ்விரு சட்டங்களின் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. எந்தச் சட்டமானாலும், வாயால் சொன்னது கணக்கில் ஏறாது.

மனுவைப் பற்றி இரண்டொரு சொல். நம் மக்கள் மனு எழுத உட்கார்ந்தால் குடும்பக் கதையிலிருந்து தொடங்குகிறார்கள். அத்தையின் முதல் வரைவில் மாமாவின் மறைவு, முழங்கால் வலி, மருமகனின் நற்குணம் ஆகிய அனைத்தும் இருந்தன; வரிவிதிப்பு எண் மட்டும் இல்லை. ஆணையருக்கு எழுதும் மனுவில் முதல் வரியிலேயே வரிவிதிப்பு எண், வார்டு, கதவு எண் (பழையதும் புதியதும்), உரிமையாளர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். பிறகு அரையாண்டு வாரியாகக் கட்ட வேண்டியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, ரசீது எண், தேதி, மிகுதி எவ்வளவு என்று ஒரு சிறு அட்டவணை. கடைசியில் வேண்டுகோள்: பணமாகத் திருப்பித் தர வேண்டுகிறோமா, அடுத்த அரையாண்டில் ஈடு செய்ய வேண்டுகிறோமா என்பது தெளிவாக. ரசீதின் நகலைத்தான் இணைக்க வேண்டும். மூலத்தை எவரிடமும் விட்டுவிட்டு வரலாகாது. மனுவின் இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பலாம்.

பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "என் மனுவின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? இந்த எண்ணில் கூடுதலாக நிற்கும் தொகை எவ்வளவு?" என்று இரண்டே கேள்விகளை, ரூ.10 கட்டணத்துடன், அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அவர் கடமை. இந்தத் தாள் போன பிறகு பழைய மனு கண்டெடுக்கப்படுவதை நாம் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறோம்.

ரசீதுகளை ஆண்டு எழுதிக் கட்டி வைப்பது நல்லது. 2022 ஏப்ரலில் மீண்டும் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்பது அவ்வுயர்வு. சென்னையின் பழைய பகுதிகளில் மட்டும் இதைவிட அதிகம். நம் மாடி வீட்டின் தீர்வை 2018-இல் ரூ.840-லிருந்து ரூ.1,260 ஆகி, பிறகு ரூ.840-க்கு இறங்கி, 2022-இல் மறுபடியும் அதே ரூ.1,260 ஆயிற்று. தேதியைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்தால், எது செல்லாமற்போன உயர்வின் ரசீது, எது செல்லும் உயர்வின் ரசீது என்று கண்டுபிடிக்க முடியாது.

அதிகாரிகள் மறுத்தால் நீதிமன்றம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ரூ.1,240-க்காக எவரும் நீதிமன்றம் போகப் போவதில்லை. வக்கீலின் முதல் நாள் கட்டணத்துக்குக் காணாது. எனினும் கொள்கையைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி வரி எதுவும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு கூறுகிறது. தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு. காசியில் ஒரு வணிக நிறுவனம் கட்ட வேண்டாத விற்பனை வரியைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்ட வழக்கில், சட்டத்தைத் தவறாக அறிந்து கட்டிய வரிக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று 1958-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பரில், மஃபத்லால் நிறுவன வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து இன்னொன்றையும் சொன்னார்கள். அது கலால், சுங்க வரிகளைப் பற்றிய வழக்கு. தாம் கட்டிய வரியின் சுமையை விலையில் ஏற்றி மற்றவரிடம் வாங்கிவிட்டவர், அதையே அரசிடமும் திருப்பிக் கேட்க முடியாது. கொடுத்தால் அவர் நியாயமின்றிச் செல்வம் சேர்த்தவராவார் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. வீட்டுத் தீர்வைக்கு இத்தீர்ப்பு நேராகப் பொருந்தாது. ஆயினும் அதைப் படித்த அன்று நமக்கு இருக்கை கொள்ளவில்லை. ஏனென்றால், அதே நியாயத்தை, சட்டம் எதுவும் படிக்காத நம் அத்தை, 2020 மார்ச்சில் அந்த வீட்டின் வாசற்படியிலேயே கேட்டிருந்தார்.

வாங்கியவரின் காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்ததும், நாம் அவரை வாய்க்கு வந்தபடி பேசினோம். பிறர் பணத்தில் தீர்வை கட்டுகிறானே, இவனுக்கு உறக்கம் எப்படி வரும் என்றெல்லாம் சொன்னோம். அத்தை பேசாமல் நடந்துகொண்டிருந்தார். தெருமுனை வந்ததும் நின்று, "ஏய்யா, உன் மாடியில இருந்த பையங்கிட்ட தீர்வை கூடிட்டுன்னு மாசம் நூத்தம்பது கூட வாங்குனியே, அது என்னாச்சு?" என்றார்.

2018 ஜூலையில் வாடகை வீடுகளுக்குத் தீர்வை இரட்டிப்பு என்ற செய்தி வந்தபோது, நம் மாடியில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த ஓர் இளைஞர், மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்தார். மாடிக்குத் தனி வரிவிதிப்பு எண். தீர்வை ரூ.840-லிருந்து ரூ.1,680 ஆகுமென்றால் மாதத்துக்கு ரூ.140 கூடுதல்; சில்லறைத் தொல்லை வேண்டாமென்று ரூ.150 ஆக்கி, ஆகஸ்டு முதல் வாடகையோடு சேர்த்துக் கேட்டோம். அவரும் கொடுத்தார். அந்த முதல் ரூ.150-ஐ வாங்குவதற்கு முன்பே, 100 அல்ல 50 சதவீதம்தான் என்ற திருத்தம் செய்தித்தாளில் வந்துவிட்டிருந்தது. நாம் அதைப் படித்தோம். படித்துவிட்டும் வாங்கினோம்.

2019 மே மாதம் அவர் கோவில்பட்டிப் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார். பத்து மாதம் ரூ.150 கொடுத்திருந்தார். அதன்பின் நவம்பரில் அரசின் அறிவிப்பு வந்தது. நாம் மூன்று அரையாண்டு கூடுதலாகக் கட்டியிருந்தோம், ரூ.420 வீதம் ரூ.1,260. அதில் ரூ.840 அந்த அரையாண்டிலும், மீதி ரூ.420 அடுத்த அரையாண்டிலும் ஒழுங்காக ஈடு செய்யப்பட்டன. நகராட்சி நமக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஈடு செய்யப்பட்ட தொகையில் பெரும்பகுதி நம் பணமே அன்று என்பது, அத்தை கேட்கும்வரை, ஒரு நாளும் நம் நினைவில் எழவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நம் இல்லாள், "அப்போதே நான் சொன்னேன்" என்றார். சொன்னாரா என்பது நினைவில்லை; சொல்லியிருக்கக்கூடும்.

உடனே அனுப்பிவிட்டோம் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. நேரில் போய்க் கொடுப்பதே மரியாதை என்று சொல்லிக்கொண்டு இரண்டு வாரம் கடத்தினோம். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. பேருந்து இல்லை. பட்டறைகள் மூடிக் கிடந்தன. கூலிக்கு வேலை செய்பவர்கள் ரேஷன் அரிசியை நம்பியிருந்த அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான், கையில் குழந்தை வைத்திருக்கும் அவருக்கு ரூ.1,500 என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தோம். அவர் கொடுத்திருந்த கைப்பேசி எண்ணை அழைத்தோம். அது உபயோகத்தில் இல்லை என்றது. மனுதாரரின் முகவரி கிடைக்கவில்லை என்று கோப்பை மூடிவைக்கும் அலுவலகத்தைப் போல நாமும் சில மாதம் இருந்தோம்.

செப்டம்பர் 7-இல் மாவட்டங்களுக்கிடையே பேருந்து விட்டார்கள். அந்த மாதக் கடைசியில் முகக்கவசத்தோடு கோவில்பட்டிக்குப் போய், புறவழிச் சாலைப் பட்டறைகளில் விசாரித்து, நாலாவது பட்டறையில் அவரைக் கண்டோம். நம்மைக் கண்டதும், "அண்ணாச்சி, வாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. நாம் ஏதோ பழைய பாக்கி கேட்க வந்திருப்பதாக எண்ணி, கரண்டுக் கணக்கையெல்லாம் அப்போதே தீர்த்துவிட்டதாகச் சொல்லத் தொடங்கினார். நாம் விளக்கி, எண்ணி வைத்திருந்த ரூ.1,500-ஐ நீட்டினோம்.

"கொஞ்சம் இருங்க அண்ணாச்சி" என்று சொல்லி, பின்பக்கத்தில் இருந்த வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் வாடகை நோட்டு இருந்தது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. மாதாமாதம் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு மாதத்திலும் வாடகைக்குக் கீழே, "தீர்வைக்காக ரூ.150" என்று நம் கையெழுத்திலேயே இருந்தது. கறை படிந்த விரலால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், 2019 ஜனவரியில் நிறுத்தினார். அந்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல், ரூ.100-தான் கொடுத்திருந்தார். "பாக்கி ரூ.50" என்று நாம் எழுதியிருந்தோம். அடுத்த பக்கங்களில் அந்த ஐம்பது வரவு ஆகவில்லை.

"ஆயிரத்து நானூத்தம்பதுதான் அண்ணாச்சி வரும்" என்று சொல்லி, ஓர் ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டு, மீதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போனார்.